அம்மாவின் பால் நோட்டில் படித்த எஸ்க்யூஎல்

எங்களிடம் பால் ஊற்றும் 7-ஆம் நம்பர் அத்தை மூன்று மாதத்தில் 2,160 லிட்டர் பால் ஊற்றியதாகத் திரையில் வந்தது. புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். "ஏங்கண்ணு, அவ வெச்சிருக்கறது ஒத்த மாடு. நேரத்துக்கு நாலு லிட்டர் குடுத்தாலே பெருசு. இது எங்கிருந்து வந்துது?" என்றார்.

என் குவெரி, அதாவது எஸ்க்யூஎல் மொழியில் டேட்டாபேஸிடம் நான் எழுதிக் கேட்ட கேள்வி, தப்பு என்று எனக்குப் புரிய அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கத்தான் ராத்திரி பதினொன்றரை ஆகிவிட்டது.

பெருந்துறையை ஒட்டிய கிராமம் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் வீட்டுத் திண்ணையிலேயே பால் வாங்கி வண்டிக்கு ஏற்றி விடுகிறார்கள். அளப்பது அப்பா, எழுதுவது அம்மா. நீள நோட்டில் நம்பர், காலை, மாலை, லிட்டர், கொழுப்பு. பின்பக்கத்தில் யார் எத்தனை மூட்டைத் தீவனம் கடனில் எடுத்தார்கள் என்ற கணக்கு. பத்து நாளுக்கு ஒருமுறை தீவனக் கடனைக் கழித்துவிட்டுப் பட்டுவாடா.

நான் கோயம்புத்தூரில் ரிப்போர்ட் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். இரண்டு டேபிள்களை இணைக்கும் ஜாயின் தெரியும், வரிகளைக் குழுவாக்கிக் கூட்டும் குரூப் பை தெரியும், நான்கு வருடம் அதை வைத்தே ஓடிவிட்டது. இணையத்தில் பயிற்சிக் கணக்குகள் நூற்றைம்பதுக்கு மேல் போட்டிருந்தேன். பச்சை டிக் வரும், மனசு நிறையும். ஆனால் திங்கட்கிழமை ஆபீஸில் ஒரு புதுக் கேள்வி வந்தால் கை நின்றுவிடும். பயிற்சிக் கணக்கில் டேபிள்கள் சுத்தமாக இருக்கும், விடை சரியா தப்பா என்று அதுவே சொல்லிவிடும். ஆபீஸில் தப்பான விடையும் அழகாகத்தான் வந்து நிற்கும், சொல்ல ஆள் இருக்காது.

அதனால்தான் அம்மாவின் நோட்டை எடுத்தேன். 2019 ஜனவரி முதல் மார்ச் வரை, 23 பேர், 90 நாள், இரண்டு நேரம். தினம் ராத்திரி ஒரு மணி நேரம் உட்கார்ந்து தட்டியதில் மூன்று வாரத்தில் 3,812 வரிகள் ஏறின. கையால் ஏற்றியது வீண் வேலை என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு வரியும் விரல் வழியாகப் போனதால், எந்த நம்பருக்கு எவ்வளவு வரவேண்டும் என்று எனக்கே ஒரு மதிப்பு வந்துவிட்டது. அதையும் மீறித் தப்பினால் பிடிக்க அம்மா இருந்தார்.

சரி, அந்த 2,160 லிட்டருக்கு வருகிறேன்.

பால் டேபிளில் 7-ஆம் நம்பருக்கு 180 வரிகள். ஒரு நேரம்கூடத் தவறாமல் ஊற்றியவர். தீவன டேபிளில் மூன்று வரிகள், மூட்டை 1,150 ரூபாய். இரண்டையும் உறுப்பினர் எண்ணை வைத்து ஜாயின் செய்தேன். அப்படிச் செய்தால் ஒவ்வொரு பால் வரியும் மூன்று தீவன வரிகளோடும் ஜோடி சேரும். 180 வரி 540 வரியாகிவிடும். 720 லிட்டர் மூன்று மடங்காகி 2,160. தீவனப் பக்கம் இன்னும் மோசம், 3,450 ரூபாய் 180 தடவை கூட்டப்பட்டு 6,21,000 ரூபாய் என்று நின்றது. பால் மட்டும் கண்ணில் பட்டதால் அம்மா அதை மட்டும் கேட்டார்.

முதலில் என் கை போனது, ஒரே மதிப்பு திரும்ப வந்தால் ஒருமுறை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்க்ட் பக்கம். ஆபீஸில் இரட்டிப்பு வந்தால் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். சம் டிஸ்டிங்க்ட் என்று மாற்றியதும் 44 லிட்டர் என்று வந்தது. ஏன் 44? அத்தை ஒரு நேரத்துக்கு ஊற்றியது 3.5 முதல் 4.5 வரை. 0.1 லிட்டர் இடைவெளியில் பார்த்தால் மொத்தமே பதினொரு வேறு வேறு அளவுகள்தான். அந்தப் பதினொன்றையும் ஒவ்வொரு தடவை கூட்டினால் 44. இரண்டு நாள் ஒரே அளவு பால் ஊற்றியிருந்தால் இரண்டாவது நாள் கணக்கிலேயே இல்லை. அதைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. நான்கு வருடமாக நான் கொடுத்த ரிப்போர்ட்களில் இந்த டிஸ்டிங்க்ட் எத்தனை இடத்தில் இருக்கும்? மறுநாள் போய்த் தேடினேன். ஒன்பது இடத்தில் இருந்தது. இரண்டில் தொகை உண்மையிலேயே குறைந்திருந்தது. மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன், திருத்திக் கொடுத்தேன்.

சரியான வழி எளிதுதான். பாலை உறுப்பினர்வாரியாகத் தனியாகக் கூட்டு, தீவனத்தைத் தனியாகக் கூட்டு, ஆளுக்கு ஒரு வரி ஆன பிறகு ஜாயின் செய். இடையில் வரும் விடைக்குப் பெயர் வைத்து அடுத்த படியில் பயன்படுத்த உதவும் வித் போட்டு இரண்டு படியாக எழுதினேன். 720 லிட்டர், 3,450 ரூபாய். அன்றிலிருந்து எந்த ஜாயின் எழுதினாலும் முதலில் வரிகளின் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறேன்.

அடுத்த அடி தீவனத்திலேயே விழுந்தது. தீவனமே எடுக்காதவர்கள் யார் என்று கேட்டுப் பார்த்தேன், 'இந்தப் பட்டியலில் இல்லாதவர்' என்று தேடும் நாட் இன் போட்டு. ஒரு வரிகூட வரவில்லை. "அஞ்சு பேரு சொந்தமா அரைச்சு வெக்கறாங்களே, அவங்க எங்க போனாங்க?" என்றார் அம்மா. நோட்டின் பின்பக்கத்தைப் புரட்டினால், பிப்ரவரியில் ஒரு வரிக்கு நம்பரே இல்லை. வழியில் போன யாரோ ரொக்கம் கொடுத்து ஒரு மூட்டை வாங்கியிருக்கிறார். நானும் அந்தக் கட்டத்தை வெற்றாகவே ஏற்றியிருக்கிறேன். டேட்டாபேஸ் பார்வையில் வெற்று என்றால் 'தெரியாது' என்று பொருள். 12-ஆம் நம்பர் அந்தப் பட்டியலில் இல்லையா என்று கேட்டால், பெயர் தெரியாத அந்த ஒருவர் 12-ஆகவும் இருக்கலாமே என்று அது உறுதி சொல்ல மறுக்கிறது. தீவனம் எடுத்தவர்கள் எப்படியும் வரமாட்டார்கள், எடுக்காத ஐந்து பேருக்கும் அதே கதைதான், யாருக்கும் உறுதியில்லை, விடை காலி. 'இவர் நம்பரில் ஒரு தீவன வரிகூட இல்லை' என்று பார்க்கும் நாட் எக்சிஸ்ட்ஸாக மாற்றி எழுதியதும் ஐந்து பேரும் வந்தார்கள்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது அம்மா கேட்ட இன்னொரு கேள்விதான். "யாரு வீட்டு மாடு எப்ப வத்துச்சுன்னு இதுல தெரியுமா?"

சினைமாடு வற்றினால் பால் வராது, நோட்டில் அந்த ஆளுக்கு நாட்கள் விட்டுப்போகும். இருக்கும் வரியைத் தேடத் தெரிந்த எனக்கு, இல்லாத நாளை எப்படித் தேடுவது என்று தெரியவில்லை. தொடர்ச்சியையும் இடைவெளியையும் பிரிக்க ஒரு வழி உண்டு என்று எங்கோ படித்திருந்தேன். படித்தபோது தலையில் ஏறவில்லை. அன்று பென்சிலை எடுத்து ஒருவருடைய தேதிகளை மட்டும் எழுதினேன். ஜனவரி 5, 6, 7, 10, 11. பக்கத்தில் வரிசை எண் 1, 2, 3, 4, 5. தேதியிலிருந்து வரிசை எண்ணைக் கழித்தால் 4, 4, 4, 6, 6. விடாமல் ஊற்றிய நாட்களுக்கெல்லாம் ஒரே எண், இடைவெளி விழுந்ததும் எண் மாறுகிறது. அந்த எண்ணை வைத்து குரூப் செய்தால் ஒவ்வொரு தொடர்ச்சியும் தனித்தனியாகக் கழன்று வருகிறது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அந்த இரண்டு வரிசை எண்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சின்னக் கழித்தலில் இவ்வளவு பெரிய விஷயம் இருக்கிறதே என்று சந்தோஷமாக இருந்தது.

வரிகளுக்கு வரிசை எண் கொடுக்கும் ரோ நம்பர் போட்டு எழுதினேன், ஒவ்வொரு உறுப்பினருக்கும் எண் தனியாகத் தொடங்க பார்ட்டிஷன் பை கொடுத்து. வந்தது குப்பை. காலை, மாலை என்று ஒரே தேதிக்கு இரண்டு வரிகள் இருப்பதை மறந்திருந்தேன். 5, 5, 6, 6, 7, 7 என்ற தேதிகளிலிருந்து 1 முதல் 6 வரை கழித்தால் 4, 3, 3, 2, 2, 1. எல்லாம் சிதறிவிடுகிறது. ஒரே தேதிக்கு ஒரே எண் கொடுக்கும் டென்ஸ் ரேங்க் போட்டதும் ஒழுங்குக்கு வந்தது. அப்புறம், இந்த எண்ணை நேராகக் குவெரியின் 'வேர்' (where) பகுதியில் வைத்து வடிகட்டப் பார்த்தேன், நான் பயன்படுத்திய டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரஸ் மறுத்துவிட்டது. வேர், குரூப் பை, குழுக்களை வடிகட்டும் ஹேவிங் எல்லாம் முடிந்த பிறகுதான் ரோ நம்பர், டென்ஸ் ரேங்க் போன்ற விண்டோ ஃபங்ஷன்கள் கணக்கிடப்படுகின்றன. இன்னும் பிறக்காத எண்ணை வைத்து வடிகட்ட முடியாது. உள்ளே ஒரு குவெரி, வெளியே ஒரு குவெரி என்று பிரித்தேன்.

ஐந்து நாளுக்கு மேல் இடைவெளி விட்டவர்கள் நான்கு பேர். அம்மா வரிசையாகச் சொன்னார். முதல் மூன்றும் மாடு வற்றியது. நான்காமவர் 9-ஆம் நம்பர், ஜனவரி 17 முதல் 22 வரை ஆறு நாள். "அது வத்தல கண்ணு. தைப்பூசத்துக்கு பழனிக்கு நடந்து போனாங்க. மாட்ட தங்கச்சி வீட்ல கட்டிட்டுப் போனாங்க."

தங்கச்சி 15-ஆம் நம்பர். அப்படியானால் அந்தப் பால் 15-இல் ஏறியிருக்க வேண்டுமே? முந்தைய வரியின் மதிப்பை எடுத்துத் தரும் விண்டோ ஃபங்ஷனான லேக் போட்டு, ஒவ்வொரு நாளின் மொத்தத்தையும் முந்தைய நாளோடு ஒப்பிட்டேன். 17-ஆம் தேதி 6 லிட்டர் கூடியிருந்தது, 23-ஆம் தேதி அதே அளவு குறைந்திருந்தது. அம்மாவிடம் காட்டினேன். புளிக்கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தார்.

இதையெல்லாம் வீட்டில்தான் செய்ய முடிந்தது. ஆபீஸில் மைஎஸ்க்யூஎல் என்ற வேறொரு டேட்டாபேஸின் 5.7 பதிப்பு இருந்தது. விண்டோ ஃபங்ஷன் எஸ்க்யூஎல் தரத்துக்குள் 2003-இலேயே வந்துவிட்டது, போஸ்ட்கிரஸில் 2009-இல் 8.4 பதிப்போடு வந்தது, மைஎஸ்க்யூஎல்லுக்கு வர 2018-இல் 8.0 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லேக் இல்லாத இடத்தில் ஒரு டேபிளைத் தன்னோடு தானே ஜாயின் செய்து, 'நேற்றைய தேதி' என்று தேடவேண்டும். நேற்று பால் ஊற்றாதவருக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. இரண்டு வழியிலும் எழுதிப் பார்த்ததால்தான் லேக் என்ன செய்கிறது என்பது எனக்கு முழுதாகப் பிடிபட்டது என்று நினைக்கிறேன்.

வேகத்தைப் பற்றிப் படிக்க 3,812 வரி போதாது. எப்படி எழுதினாலும் கண் சிமிட்டுவதற்குள் வந்துவிடும். தொடர் தேதிகளை உருவாக்கித் தரும் ஜெனரேட் சீரிஸ் கொண்டு அதே நோட்டைப் பன்னிரண்டு வருடத்துக்குப் பரப்பி, ஊரையும் பெரிதாக்கி, 50 லட்சம் வரி ஆக்கினேன். வேண்டிய வரியை வேகமாகத் தேடித் தரும் இண்டெக்ஸைத் தேதிக்குப் போட்டுவிட்டு ஒரே ஒரு நாளின் பாலைக் கேட்டேன். தேதியை டு கேர் வைத்து எழுத்தாக மாற்றி ஒப்பிட்டபோது 3.4 விநாடி. குவெரி எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்பிளைன் அனலைஸ் போட்டுப் பார்த்தால் டேபிள் முழுவதையும் படித்திருக்கிறது. தேதிப் பத்தியைத் தொடாமல் நேராகத் தேதியோடு ஒப்பிட்டதும் இண்டெக்ஸ் வழியாகப் போய் 2 மில்லி விநாடியில் வந்தது. இண்டெக்ஸ் இருப்பது தேதிக்கு. தேதியை வேறொன்றாக மாற்றிவிட்டுக் கேட்டால் அந்த இண்டெக்ஸ் அதற்கு உதவாது. எக்ஸ்பிளைன் அனலைஸில் நான் இப்போது முதலில் பார்ப்பது, எத்தனை வரி வரும் என்று அது எதிர்பார்த்தது, உண்மையில் எத்தனை வந்தது என்ற இரண்டு எண்களைத்தான். அவை வெகுதூரம் விலகியிருந்தால் சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா அடுத்த வேலை கொடுத்தார். ஊரில் எந்த மாடு எதனுடைய கன்று என்று அவருக்கு மனப்பாடம். இந்த வரிசையில் பால் நல்லா வரும், அந்த வரிசையில் வராது என்று பேச்சில் சொல்வார். அதை நோட்டில் பார்க்க வேண்டுமாம். மாடு, அதன் தாய் என்று இரண்டே பத்தி போதும், மீதியை, தன் விடையையே எடுத்துக்கொண்டு அடுத்த தலைமுறைக்குப் போகும் ரிகர்சிவ் குவெரி பார்த்துக்கொள்ளும். அது நான் இதுவரை சரியாகப் பழகாத பகுதி. அம்மா சொல்லச் சொல்ல நேற்று ராத்திரி 31 மாடுகளை ஏற்றினேன். நான்கு மாடுகளுக்கு மட்டும் தாய் எதுவென்று அவருக்கே தெரியவில்லை, நான்கும் சந்தையில் வாங்கியவை. அந்தக் கட்டங்களை வெற்றாக விட்டிருக்கிறேன். குவெரி அந்த நான்கிலிருந்துதான் தொடங்கும்.