நம்ம கடைக்கு சாவி யார் கையில இருக்கு

நான் செஞ்சு விக்கிற இன்வாய்ஸ் சாஃப்ட்வேர் பத்தி ரெண்டு வாரம் முன்னாடி ஒரு கஸ்டமர் மெயில் போட்டிருந்தாங்க, இன்வாய்ஸ்ல மார்ச் 1னு தேதி போட்டா பிடிஎஃப்ல பிப்ரவரி கடைசி தேதியா வருது, பணம் தரவேண்டியவர் பில்லையே திருப்பி அனுப்பிட்டார்னு. என் மெஷின்ல எத்தனை தடவை போட்டுப் பாத்தாலும் சரியாத்தான் வந்துச்சு, அப்புறம் கம்ப்யூட்டரோட டைம்சோனை அவங்க இருக்குற ஊருக்கு மாத்திப் பாத்ததும் பட்டுனு புரிஞ்சிடுச்சு. நான் கோடு எழுதுற ஜாவாஸ்கிரிப்ட் மொழில வருஷம்-மாசம்-நாள் மட்டும் குடுத்தா அதை யூடிசி, அதாவது உலகத்துக்கே பொதுவான நேரத்தோட, நடுராத்திரின்னு எடுத்துக்கும், கூடவே நேரத்தையும் குடுத்தா லோக்கல் டைம்னு எடுத்துக்கும். யூடிசிக்கு மேற்கால இருக்குறவங்களுக்கு அந்த நடுராத்திரிங்கறது முந்தின நாள் சாயங்காலம், அதான் ஒரு நாள் பின்னாடி போகுது. தேதியை தேதியாவே வச்சுக்கிட்டு நேரமா மாத்தாம விட்டேன், டெஸ்ட் எழுதி, சர்வர்ல ஏத்தி, அவங்களுக்கு பதில் போட்டு முடிக்க மொத்தமே முக்கால் மணி நேரம்தான் ஆச்சு.

நான் தனியா சாஃப்ட்வேர் செஞ்சு விக்கிறதுக்கு காரணமே இந்த முக்கால் மணி நேரம்தான். கம்பெனில இருந்தப்ப இதே மாதிரி ஒரு பக் டிக்கெட்னு வரிசைல ஒரு நம்பரா மாறி, ஸ்பிரின்ட்ங்கற அடுத்த சுத்து வேலைக்குத் தள்ளி, கடைசில யாருக்கு என்ன பிரச்சனைன்னே மறந்துபோயிருக்கும். இங்க புரோகிராம் கோடு என் கையில, யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல.

ஆனா எல்லாமே என் கையிலதானான்னு யோசிச்சா தூக்கம் வராது. ரெட்டிட்ங்கற விவாதத் தளத்தை படிக்கிறதுக்கு அப்போலோன்னு ஐஃபோன்ல ஒரு ஆப் இருந்துச்சு, ஒரே டெவலப்பர் வருஷக்கணக்கா இழைச்சு இழைச்சு செஞ்சது. 2023ல ரெட்டிட் தன்னோட டேட்டாவை வெளி ஆப்கள் எடுத்துக்குற வழிக்கு, அதாவது ஏபிஐக்கு, 5 கோடி ரிக்வெஸ்ட்டுக்கு 12,000 டாலர்னு விலை வச்சாங்க, அவர் கணக்குப் போட்டா வருஷத்துக்கு 2 கோடி டாலர் கிட்ட வந்துச்சு, ஜூன் 30ஆம் தேதி ஆப்பை மூடிட்டார். அதே வருஷம் ஜனவரில ட்விட்டர் வெளியாளுங்க செஞ்ச ஆப்களை எல்லாம் முன்னறிவிப்பே இல்லாம வெட்டி விட்டுச்சு. இவங்க யாரும் மோசமா கோடு எழுதல, யூசரை ஏமாத்தல, அடுத்தவங்க நிலத்துல வீடு கட்டியிருந்தாங்க, அவ்வளவுதான். எனக்கு அன்னைக்கு வந்த கோவம் இன்னும் போகல.

நம்ம கடைக்கு சாவி பெரிய கம்பெனிங்ககிட்ட மட்டும்தான் இருக்குன்னு நினைக்காதீங்க. 2016 மார்ச்ல லெஃப்ட்-பேட்னு 11 வரி கோடு, ஒரு ஸ்ட்ரிங்குக்கு, அதாவது எழுத்துத் தொடருக்கு, முன்னாடி இடம் நிரப்புறது மட்டும்தான் அதோட வேலை, அதை எழுதினவர் அடுத்தவங்க எழுதின கோடை பேக்கேஜா எடுத்துக்குற என்பிஎம்ங்கற பொதுக் கிடங்குல இருந்து எடுத்ததும், அதை நம்பியிருந்த ப்ராஜெக்ட்டுங்களோட பில்ட், அதாவது கோடை ஓடுற ஆப்பா மாத்துற வேலை, உலகம் முழுக்க நின்னுச்சு. அப்ப நான் என் ப்ராஜெக்ட்ட தொறந்து அந்தக் கிடங்குல இருந்து வந்த பேக்கேஜ்லாம் இருக்குற நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை எண்ணிப் பாத்தேன், நான் சேர்த்தது பதினஞ்சோ என்னமோ, அதுங்க கூட்டிட்டு வந்து உள்ள உக்காந்திருந்தது நூத்துக்கணக்குல. அதுல இருந்து புதுசா ஒரு பேக்கேஜ் சேர்க்குறதுக்கு முன்னாடி இதை நாமளே எழுதினா எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டுக்குவேன், ஒரு நாளுக்குள்ள முடியும்னா நானே எழுதிடுவேன். என்க்ரிப்ஷன், பாஸ்வேர்ட் மாதிரி விஷயத்துல மட்டும் கை வைக்க மாட்டேன், அது தெரிஞ்சவங்க வேலை.

காசு விஷயத்துல எனக்கு உறுதியான ஒரு கருத்து இருக்கு. முதல்ல ஃப்ரீயா விடு, கூட்டம் சேரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்ங்கறது பின்னாடி முதலீட்டாளர் பணம் இருக்குறவங்களுக்கு செட் ஆகும், ஒத்தை ஆளுக்கு ஆகாது. ஃப்ரீ யூசரும் மெயில் போடுவாங்க, அவங்க டேட்டாவும் சர்வர்ல இடம் புடிக்கும், சர்வர் பில் மாசா மாசம் தவறாம வந்துரும். டெலிஷியஸ்னு ஒரு ஃப்ரீ புக்மார்க் சர்வீஸ், 2003ல வந்தது, 2005ல யாஹூ வாங்கினாங்க, அப்புறம் கை மாறி கை மாறி தேய்ஞ்சு போச்சு. 2009ல இருந்து காசு வாங்கிக்கிட்டு ஒரே ஆள் நடத்துற பின்போர்டுங்கற இன்னொரு புக்மார்க் சர்வீஸ் 2017ல அதை 35,000 டாலருக்கு வாங்கிடுச்சு. நான் சோர்ந்து போறப்பல்லாம் நினைச்சுக்குற கதை இது.

இன்னொன்னு எஸ்கியூலைட்ங்கற டேட்டாபேஸ். 2000த்துல ரிச்சர்ட் ஹிப் ஆரம்பிச்சது, இன்னைக்கு எல்லா ஆண்ட்ராய்டு ஃபோன்லயும் ஐஃபோன்லயும் இருக்கு, முக்கிய டெவலப்பர்களை விரல் விட்டு எண்ணிடலாம், கோடு முழுக்க பொதுச் சொத்து, 2050 வரைக்கும் சப்போர்ட் பண்றதா சொல்லி வச்சிருக்காங்க. அவங்களுக்கும் வருமானம் காசு குடுக்குற கம்பெனிங்ககிட்ட இருந்துதான் வருது. என் டேட்டாபேஸும் அதுதான், ஒரே ஃபைல், பேக்கப்னா அதோட ஒரு காப்பி எடுத்து வேற இடத்துல வைக்கிறது, ராத்திரி மூணு மணிக்கு எழுப்பிக் கேட்டாலும் எது எங்க இருக்குன்னு சொல்லுவேன்.

இதெல்லாம் எழுதிட்டு வரும்போதே ஒன்னு உறுத்துது. அந்த இன்வாய்ஸ் மெயில் போட்டவங்களோட நாலு வருஷ பில்லும் என்கிட்டதான் இருக்கு, அவங்க கடைக்கு சாவி என் கையில. எனக்கு நாளைக்கு உடம்பு முடியாம போனா அவங்க என்ன பண்ணுவாங்க? டேட்டா மொத்தத்தையும் டவுன்லோட் பண்ற பட்டன் இருந்துச்சு, ஆனா செட்டிங்ஸ்ல மூணாவது பக்கத்துல, தேடினாதான் கிடைக்கும், அதை நேத்து முதல் பக்கத்துக்குக் கொண்டு வந்துட்டேன். சர்வர் பாஸ்வேர்டையும், எதை எந்த வரிசைல நிறுத்தணும், யாருக்கு மெயில் போடணும்ங்கறதையும் ரெண்டு பக்கத்துக்கு எழுதி கூட வேலை பாத்த ஒரு ஃப்ரெண்டுகிட்ட குடுக்கப் போறேன், படிச்சுப் பாத்து புரியாத இடத்தை அடிக்கோடு போட்டுத் தரேன்னு சொல்லியிருக்கா. டொமைன் ரினியூவல் அடுத்த மாசம் வருது, இந்தத் தடவை பத்து வருஷத்துக்கும் சேர்த்தே கட்டிடலாம்னு இருக்கேன்.