வெறும் வயிறு, நிறைந்த சிறுநீர்ப்பை: வயிற்று ஸ்கேனுக்குப் போய் வருவது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஸ்கேன் என்ற பேச்சு பெரும்பாலும் வலது விலாவுக்குக் கீழே வரும் வலியில்தான் ஆரம்பிக்கிறது. தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரெசர் முதலில் கேஸ்ட்ரிக் மருந்து கொடுத்துப் பார்ப்பார். எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வலி திரும்பத் திரும்ப வந்தால், டவுனில் இருக்கும் அரசாங்கக் கிளினிக்குக்குப் போகச் சொல்வார். அங்கே குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, ரத்தம் எடுத்து, அல்ட்ராசவுண்டு என்ற ஒலி ஸ்கேனுக்கு ஒரு தாள் எழுதுவார். ஸ்கேன் நாள் உள்ளூரிலேயே கிடைக்கலாம். ஈப்போவில் கிடைத்தால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் போக வேண்டும். எல்பில், ஹீவுட் தோட்டங்கள் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு டவுனுக்கு வந்து சேரும் தூரம் வேறு. ஒரு நாள் கூலியை விட்டுப் போகும் பயணம் அது. போன காரியம் முடியாமல் திரும்பினால் அடுத்த நாளுக்கு மறுபடியும் காத்திருக்க வேண்டும். நாங்கள் பார்த்தவரை, அப்படித் திரும்ப வைப்பது மெஷின் கோளாறு அல்ல. காலையில் குடித்த ஒரு கப் மைலோ, அல்லது தாளில் விட்டுப்போன ஒரு வரி.

தாளை முதலில் கவனியுங்கள். வெறும் 'வயிற்று வலி' என்று மட்டும் எழுதியிருந்தால் ஸ்கேன் செய்கிறவர் எதைத் தேடுவது? வலி எந்தப் பக்கம், எத்தனை நாளாக, சாப்பிட்ட பிறகா, காய்ச்சல் உண்டா, கண் மஞ்சளாக இருந்ததா, ஈரல் ரத்தப் பரிசோதனையில் ஏதாவது கூடியிருக்கிறதா, இவை அதில் இருக்க வேண்டும். டாக்டர் எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள். முன்பு செய்த ஆப்பரேஷனைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன்பே பித்தப்பையை எடுத்தவர் அதைச் சொல்லாமல் படுத்துக்கொண்டால், இல்லாத பையைத் தேடியே நேரம் போகும். சம்சுவோ (மலிவுச் சாராயம்) பீரோ குடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். ஈரல் சுருங்கியவர்களுக்கும், ஹெப்படைட்டிஸ் பி கிருமியால் ஈரல் புற்று ஆபத்து உள்ளவர்களுக்கும் 6 மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் பார்ப்பது வழக்கம். சொன்னால்தானே அந்த வரிசையில் சேர்ப்பார்கள்.

அடுத்தது வெறும் வயிறு. ஈரல், பித்தப்பை, கணையம் பார்க்க வேண்டுமென்றால் 6 முதல் 8 மணி நேரம் சாப்பிடக் கூடாது. பித்தப்பை சாப்பிடாமல் இருக்கும்போது பித்தநீரால் நிரம்பி விரிந்திருக்கும். கொழுப்பு குடலுக்குள் போன உடனே அது சுருங்கிப் பித்தத்தை வெளியேற்றிவிடும். சுருங்கிய பை காற்றுப் போன பலூன் மாதிரி. சுவர் தடித்துத் தெரியும், உள்ளே இருக்கும் கல் மடிப்புக்குள் மறைந்துவிடும். தடித்த சுவர் வீக்கமா, சாப்பாட்டால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். சுருங்க வைக்க ஒரு தட்டு நாசி லெமாக் வேண்டியதில்லை, கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் போதும். காலையில் பசியாறாமல் வருவது மட்டும் போதாது. முந்தின இரவு சாப்பாட்டையும் எண்ணெய் குறைவாக, நேரத்தோடு முடித்துவிடுங்கள். சிகரெட்டும் சூயிங்கமும் வேண்டாம். இரண்டும் காற்றை விழுங்க வைக்கும், குடலில் காற்று சேர்ந்தால் பின்னால் இருக்கும் கணையம் தெரியாது.

நாள் குறித்துக் கொடுக்கும் சீட்டில் 'புவாசா' (மலாயில் நோன்பு) என்று இருக்கும். பெரியவர்கள் பலர் அதை ரமலான் நோன்பு போல எடுத்துக்கொண்டு தண்ணீரும் குடிக்காமல், ரத்தக் கொதிப்பு மாத்திரையும் போடாமல் வந்து நிற்பார்கள். அது தேவையில்லை. வேறு விதமாகச் சொல்லாதவரை வெறும் தண்ணீர் குடிக்கலாம். ரத்தக் கொதிப்பு மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் வழக்கம் போலப் போட்டுக்கொள்ளலாம்.

இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்கள் விஷயம்தான் எங்களுக்கு எப்போதும் கவலை. க்ளிக்லசைட், க்ளிபென்க்ளமைட் போன்ற மாத்திரையையோ காலை இன்சுலினையோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வரிசையில் உட்கார்ந்தால் சர்க்கரை படக்கென்று இறங்கும். நாள் வாங்கும்போதே "எனக்கு இனிப்பு நீர் இருக்கு, முதல் ஆளாகப் போடுங்க" என்று கேளுங்கள். எந்த மருந்தைத் தள்ளிப் போடுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் ஸ்கேன் முடிந்து சாப்பிடும்போது போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். குளுக்கோமீட்டரையும் ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வியர்த்து, கை நடுங்கி, அளவு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் ஸ்கேனைப் பற்றி யோசிக்கக் கூடாது. மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு மிஸ்ஸியை (நர்ஸை) கூப்பிட வேண்டும். ஸ்கேனை இன்னொரு நாள் பார்க்கலாம்.

கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை, புரோஸ்டேட் பார்ப்பதற்கு வேறு ஏற்பாடு. ஒரு மணி நேரத்துக்கு முன் நான்கு டம்ளர், அதாவது சுமார் 1 லிட்டர் வெறும் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீர் கழிக்காமல் காத்திருக்க வேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை மேலே தள்ளிவிடும். ஒலி அந்தத் தண்ணீர் வழியாகத் தடையில்லாமல் உள்ளே போய் வரும். வயிறும் இடுப்பும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தால் சீட்டில் 'சாப்பிடாதே', 'தண்ணீர் குடி' இரண்டும் இருக்கும். அதில் முரண்பாடு இல்லை, வெறும் தண்ணீர் பித்தப்பையைச் சுருக்காது. ஆனால் அளவுக்கு மீறிக் குடித்து, தாங்க முடியாமல் நெளிகிற நிலையும் கூடாது. பை அப்படி இறுகி நிறைந்தால் சிறுநீரகம் லேசாக வீங்கின மாதிரி காட்டும். கழித்துவிட்டு வரச் சொல்லித் திரும்பப் பார்ப்பார்கள். புரோஸ்டேட் தொல்லை உள்ள ஐயாமார்களை எப்படியும் ஒரு தடவை அனுப்பி, பையில் மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று மில்லிலிட்டரில் அளப்பார்கள்.

உடை விஷயம் சின்னது. மேலும் கீழும் தனித்தனியாக இருக்கும் உடை நல்லது. வலிக்கு ஒட்டிய பிளாஸ்டரை எடுத்துவிடுங்கள், தைலம் தேய்க்க வேண்டாம். தாலியைக் கழற்ற வேண்டுமோ என்று பெண்கள் தயங்குவதைப் பார்க்கிறோம். எம்.ஆர்.ஐ. மாதிரி இதில் காந்தம் கிடையாது. வயிற்று ஸ்கேனுக்குத் தாலி கழுத்திலேயே இருக்கலாம். தைராய்டுக்கு மட்டும் தோள் பக்கம் ஒதுக்கிவிட்டால் போதும்.

உள்ளே அறை மங்கலாகவும் குளிராகவும் இருக்கும். மல்லாந்து படுத்ததும் வயிற்றில் ஜெல் தடவுவார்கள். தோலுக்கும் கருவிக்கும் நடுவில் ஒரு மெல்லிய காற்றுப் படலம் இருந்தாலும் ஒலி அதிலேயே எதிரொலித்துத் திரும்பிவிடும், அதைப் போக்கத்தான் ஜெல். கருவியிலிருந்து வருவது நம் காதுக்கு எட்டாத ஒலி. எக்ஸ்ரே கதிர் இல்லை, உடம்பைச் சுடாது. வயிற்றுக்கு 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான கருவி. கழுத்து, மார்பு மாதிரி மேலோட்டமான இடத்துக்கு அதைவிட அதிக அலைவெண்.

"தாரிக் நாபாஸ், தாஹான்" என்றதும் மூச்சை ஆழமாக இழுத்துப் பிடியுங்கள். ஈரலும் பித்தப்பையும் விலாவுக்குள் ஒளிந்திருக்கின்றன, மூச்சு இழுத்தால் கீழே இறங்கி வரும். வயிற்றை எக்கிக்கொண்டு நெஞ்சால் மட்டும் மூச்சு இழுப்பவர்களுக்கு ஒன்றும் இறங்காது, வயிறு மேலே எழும்ப வேண்டும். விலாவுக்குக் கீழே கருவியை அழுத்தும்போது சுரீர் என்று வலித்தால் பல்லைக் கடித்துக்கொள்ளாமல் சொல்லிவிடுங்கள். சரியாகப் பித்தப்பைக்கு மேலே வலிக்கிறதா என்பதும் பரிசோதனையில் ஒரு பகுதி. பிறகு இடது பக்கம் ஒருக்களிக்கச் சொல்வார்கள், சில சமயம் எழுந்து நிற்கவும் சொல்வார்கள். திரையில் அப்போது தெரிவது அழகான காட்சி: கல் என்றால் வெள்ளையாக மின்னும், அதன் பின்னால் கறுப்பு நிழல் விழும், உடம்பு திரும்பியதும் அடிப்பக்கத்துக்கு உருளும். பாலிப் (உள்சுவரில் வளரும் சின்னச் சதை) என்றால் சுவரோடு ஒட்டியே இருக்கும், நிழலும் விழாது. 15 முதல் 30 நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

பெண்களுக்குப் பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன் தேவைப்பட்டால் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். கருவிக்குப் புது உறை போடுவார்கள், மிஸ்ஸி ஒருவர் கூடவே நிற்பார். சம்மதம் கேட்காமல் செய்யக் கூடாது. திருமணமாகாதவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள், வயிற்று வழியாகவே பார்ப்பார்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று நாள் வாங்கும்போதே கேட்பதில் தப்பில்லை. கர்ப்பிணிகள் தங்கள் கர்ப்பகாலப் பதிவான பிங்க் புத்தகத்தை மறக்காமல் கொண்டு வர வேண்டும். குழந்தையின் உறுப்புகளை விரிவாகப் பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துக்குள்.

ஸ்கேன் செய்தவர் அங்கேயே விளக்கம் சொல்லாமல் போகலாம். பயந்துவிடாதீர்கள், முடிவு தாள் எழுதிய டாக்டருக்குத்தான் போகும். ரிப்போர்ட்டில் 'பவல் கேஸ்' என்று இருந்தால் உங்களுக்கு வாயு வியாதி என்று அர்த்தமில்லை. குடல் காற்று மறைத்ததால் அந்த உறுப்பு தெரியவில்லை என்றுதான் பொருள். திரும்பப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். பித்தப்பைச் சுவர் 3 மில்லிமீட்டர் வரை, பித்தக் குழாய் 6 மில்லிமீட்டர் வரை, சிறுநீரகம் 9 முதல் 12 சென்டிமீட்டர் வரை இருப்பது சாதாரணம். வயதானவர்களின் சிறுநீரகத்தில் 'சிம்பிள் சிஸ்ட்' (சாதாரண நீர்க்கட்டி) என்று வருவது சகஜம், பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. எல்லாம் நார்மல் என்று வந்தும் வலி நிற்கவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள். இரைப்பைப் புண் இந்த ஸ்கேனில் தெரியாது, அதற்குக் குழாய் விட்டுப் பார்க்க (எண்டோஸ்கோப்பி) வேண்டும். சிறுநீர்க் குழாயில் இறங்கிவிட்ட சின்னக் கல்லும் தப்பிவிடும், சி.டி. ஸ்கேன்தான் அதைக் காட்டும். எண்டோஸ்கோப்பியும் ஸ்கேனும் ஒரே நாளில் விழுந்தால் ஸ்கேனை முதலில் முடியுங்கள். எண்டோஸ்கோப்பியில் உள்ளே காற்று ஊதுவார்கள்.

ரிப்போர்ட்டின் நகலை வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். பித்தப்பைப் பாலிப் 10 மில்லிமீட்டரைத் தொட்டால் ஆப்பரேஷன் பேச்சு வரும். போன தடவை 6 ஆக இருந்ததா 9 ஆக இருந்ததா என்பது பழைய தாள் கையில் இருந்தால்தான் தெரியும். கிளம்பும் முன் கவுண்டரில் நேரச் சீட்டு கேட்டு வாங்குங்கள். ஸ்கேனுக்கு வந்து போனதற்கு எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) கிடைக்காமல் போகலாம், தோட்ட ஆபீசில் காட்ட அந்தச் சீட்டாவது வேண்டும்.

ஸ்கேன் நாள் வரும் வரை வலியைப் பொறுத்துக்கொண்டு இருப்பவர்களுக்கு ஒன்று. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கட்டன் தேநீர் நிறத்தில் போனாலோ, வலி மணிக்கணக்கில் விடாமல் இருந்தாலோ, குறித்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். கல் குழாயை அடைத்திருக்கலாம். இரவானாலும் அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள், அந்தத் தாளையும் கையில் எடுத்துக்கொண்டு.