டிரஸ்டுக்கு எதுக்கு டிரேட்மார்க்?

2023 டிசம்பர், மிக்ஜாம் வெள்ளம். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நிவாரணத்துக்குப் பணம் கேட்டு வாட்ஸ்அப்பில் போஸ்டர் மேல் போஸ்டர். பாதிக்கு மேல் ஒரே அச்சு: இரண்டு கை, நடுவில் ஒரு இலை, கீழே கியூஆர் கோடு. நான் கணக்கு வழக்கு பார்த்துக்கொடுக்கும் சின்ன டிரஸ்டுக்கு ஒருவர் போன் செய்து, "அரிசிக்குப் பணம் போட்டேனே, 80ஜி ரசீது எங்கே?" என்று, வருமான வரிச் சலுகைக்கான ரசீதைக் கேட்கிறார். நாங்கள் அரிசியே கொடுக்கவில்லை. கிட்டத்தட்ட எங்கள் பெயரிலேயே இருக்கும் வேறொரு டிரஸ்டுக்குப் போட்டிருக்கிறார். அவர்கள் ஏமாற்றுக்காரர்களும் இல்லை, நிஜமாகவே அரிசி கொடுத்தவர்கள்.

"அதான் பேரை ரிஜிஸ்டர் பண்ணியிருக்கோமே" என்று எங்கள் டிரஸ்டிகளே சொன்னார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானது டிரஸ்ட் பத்திரம், பெயர் இல்லை. அதே பெயரில் தாம்பரத்தில் ஒன்று, திருவொற்றியூரில் ஒன்று என்று தாராளமாகப் பதியலாம். சங்கமாகவோ, லாப நோக்கமில்லாத பிரிவு 8 கம்பெனியாகவோ இருந்தால் பெயரை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், ஆனால் அதோடு சரி. பெயர், லோகோ மேல் பதிவு பெற்ற உரிமை வேண்டுமென்றால் 1999 டிரேட்மார்க் சட்டத்துக்குத்தான் வர வேண்டும், லாபம் பார்க்காத அமைப்பும் விண்ணப்பிக்கலாம்.

இங்கேதான் ஒரு வில்லங்கம். பொருள், சேவைகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், ஆன்லைனில் கட்டணம் ஒரு வகுப்புக்கு 9,000 ரூபாய். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு தொழில் என்றால் 4,500. தர்ம காரியம் செய்கிறோம் என்பதற்காக மட்டும் சலுகை கிடையாது. உடனே யாராவது, "நிறுவனர் சார் பேர்லயே போட்டுடலாம், பாதிதான் ஆகும்" என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். நாளைக்கு அவருக்கும் மற்ற டிரஸ்டிகளுக்கும் மனஸ்தாபம் வந்தாலோ, அவர் காலமாகிவிட்டாலோ, ஊரே நன்கொடை கொடுத்து வளர்த்த பெயருக்காக அவர் வாரிசுகளிடம் போய் நிற்க வேண்டியிருக்கும், அவர்கள் எழுதிக் கொடுத்தால்தான் பெயர் டிரஸ்டுக்கு வரும். விண்ணப்பத்தில் டிரஸ்டிகள் பெயர் வந்தாலும் அது டிரஸ்டின் சார்பில் என்று தெளிவாக இருக்கட்டும், தீர்மானம் போட்டு மினிட்ஸில் ஏற்றிவிடுங்கள்.

வகுப்பு மொத்தம் 45. நன்கொடை திரட்ட 36, பாடம், பயிற்சிக்கு 41, மருத்துவ முகாமுக்கு 44. வருஷத்துக்கு ஒரு தடவை மாரத்தானுக்கு டிஷர்ட் அடிக்கிறோம் என்று 25-லும் போடச் சொல்வார்கள், என்னைக் கேட்டால் தண்டச் செலவு.

விண்ணப்பிக்கும் முன் டிரேட்மார்க் பதிவுக்கான அரசுத் தளமான ஐபி இந்தியாவில் பெயரைத் தேடிப் பாருங்கள், இலவசம்தான். அன்பு, கருணை, சேவை என்று வெறும் பொதுச் சொற்களாக இருந்தால் தனித்தன்மை இல்லை என்று ஆட்சேபம் வரும், ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அப்புறம் டிரேட்மார்க் ஜர்னல் என்ற அரசு இதழில் வெளியாகி 4 மாதம் யாரும் எதிர்க்காவிட்டால் பதிவு. விண்ணப்பித்த தேதியிலிருந்து 10 வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். தென் மாநிலங்களுக்கான அலுவலகம் நம் கிண்டியில்தான், ஆனாலும் எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டதால் அலைய வேண்டாம்.

பழைய நோட்டீஸ், ரசீதுப் புத்தகம், பத்திரிகைத் துணுக்கு எதையும் எடைக்குப் போடாதீர்கள். பல வருஷமாக இந்தப் பெயரில் இயங்குகிறோம் என்றால் அபிடவிட்டோடு ஆதாரம் கேட்பார்கள். நம்மைவிட முன்பே அந்தப் பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறவரை, நாம் பதிவு வாங்கினாலும் தடுக்க முடியாது. அரிசி கொடுத்த டிரஸ்டின் முதல் நோட்டீஸ் எந்த வருஷத்தது என்றுதான் இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று, விண்ணப்ப எண் வந்த கையோடு லெட்டர்ஹெட்டில் வட்டத்துக்குள் ஆர் (®, பதிவான டிரேட்மார்க் என்ற குறி) போட்டுவிடாதீர்கள். சான்றிதழ் வரும்வரை டிஎம் (™) மட்டும்தான்.