குருவிச் சத்தம் இல்லாத தீவு

மேற்குப் பசிபிக் கடல்ல இருக்கிற குவாம் போய் நாலு நாள் இருந்துட்டு வந்தேன். 1898-ல ஸ்பெயின்கிட்ட இருந்து அமெரிக்கா கைக்கு வந்த தீவு. நமக்கு அமெரிக்க விசா வேணும். அங்கே பிறந்தவங்க அமெரிக்கக் குடிமக்கள்தான், ஆனா அங்கேயே குடியிருந்தா அதிபர் தேர்தல்ல ஓட்டு கிடையாது! நிலத்துல கால்வாசிக்கும் மேல ராணுவத்துக்கிட்ட இருக்கு.

சுற்றுலாதான் பெரிய பிழைப்பு. டூமோன் கடற்கரை முழுக்க ஜப்பான், கொரியா கூட்டம், கடைப் பலகையெல்லாம் அவங்க எழுத்துல. டோக்கியோ மூணரை மணி நேரம்தானே. கொரோனாவுக்கு முன்னாடி வருஷத்துக்கு 16 லட்சம் பேர் வந்த ஊர்.

கடல் அழகுதான், பவளப்பாறைக்கு உள்பக்கம் இடுப்பளவு தண்ணியில கண்ணாடி மாதிரி மீன் தெரியுது. ஆனா எனக்கு மனசுல நிக்கிறது கெலாகுவென். சுட்ட கோழியைப் பொடிப்பொடியா நறுக்கி, எலுமிச்சை பிழிஞ்சு, பச்சை மிளகாய், வெங்காயம், தேங்காய்த் துருவல் போட்டுப் பிசையறாங்க. தீவோட பூர்வகுடிகளான சாமோரோ மக்களோட பண்டம். நம்ம பாட்டி பார்த்திருந்தா "கொஞ்சம் தாளிச்சிருக்கலாம்"னு சொல்லியிருப்பாங்க.

காட்டுப்பக்கம் நடந்தப்போதான் உறைச்சது, ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. இரண்டாம் உலகப்போருக்கு அப்புறம் ராணுவச் சரக்கோட வந்து சேர்ந்த பழுப்பு மரப்பாம்பு, காட்டுப் பறவைகளை ஏறக்குறைய மொத்தமா தின்னு தீர்த்திருச்சு. பறவை இல்லாததால சிலந்திகளுக்குக் கொண்டாட்டம், எங்கே பார்த்தாலும் வலை. தீவை விட்டு வெளியே போற சரக்குல பாம்பு ஒளிஞ்சிருக்கான்னு மோப்பம் பிடிக்கவே தனியா நாய்ங்க வச்சிருக்காங்க. குட்டியூண்டு ஜாக் ரஸ்ஸல் டெரியர்.