ஸ்வீடனில் பிஎச்.டி: சீட் அல்ல, வேலை

"பொண்ணு ஸ்வீடன்ல படிக்கிறா" என்று அம்மா சொன்னால் அடுத்த கேள்வி, "ஃபீஸ் எவ்வளவு?" என்பதுதான். ஃபீஸ் கிடையாது, மாதாமாதம் 25ஆம் தேதி சம்பளம் வருகிறது என்றால் சொந்தக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் முதுகலை மாணவர்களிடம் ஸ்வீடன் 2011 முதல் கட்டணம் வாங்குகிறது. முனைவர் ஆய்வுக்கு மட்டும் வாங்குவதில்லை. இங்கே ஆய்வு மாணவர் பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியர். ஆய்வுக்கு நான்கு வருடம். கூடவே வகுப்பெடுத்தால் ஐந்து வரை நீளும். முதல் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு மேல் தரமாட்டார்கள். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், எல்லாருக்கும் அப்படித்தான். அப்புறம் நீட்டித்துக்கொண்டே போவார்கள்.

ஆகவே தேட வேண்டியது அட்மிஷன் பக்கத்தில் அல்ல, வேலைவாய்ப்புப் பக்கத்தில். உப்சாலா, லுண்ட், லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகங்கள் எல்லாமே கடைசித் தேதியோடு அங்கேதான் விளம்பரம் போடுகின்றன. ஐரோப்பிய ஆய்வு வேலைகளைப் பட்டியலிடும் யூராக்ஸஸ் தளத்தையும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் ஆய்வாளர்களுக்குப் பணம் தரும் மேரி க்யூரி திட்டத்தில் ஒரு விதி நமக்குச் சாதகம்: வேலை தரும் நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்தவர்களை எடுக்க மாட்டார்கள். ஊரிலிருந்து நேராக வருபவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. "ரெஸ்பெக்டட் சார்" என்று ஒரே மெயிலை எல்லாப் பேராசிரியர்களுக்கும் அனுப்புவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

யாரும் சொல்லித்தராத விஷயம் ஒன்று உண்டு. ஸ்வீடனில் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு வரும் விண்ணப்பம் பொது ஆவணம். யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். ஓரிடத்தில் எனக்குக் கிடைக்காதபோது, தேர்வானவரின் விண்ணப்பத்தைக் கேட்டு மெயில் போட்டேன். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பிவிட்டார்கள். கடிதம் ஒன்றரைப் பக்கம்தான். சிறுவயதுக் கனவு, அப்துல் கலாம், தங்கப் பதக்கம் எதுவும் இல்லை. விளம்பரத்தில் கேட்டிருந்த ஒவ்வொரு தகுதிக்கும் ஒரு பத்தி: இந்தக் கருவியில் இந்த வேலை செய்தேன், இது சரியாக வரவில்லை, அதனால் இப்படி மாற்றினேன். தேர்வுக் குழுவில் இருப்பவர் விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிக் அடித்துக்கொண்டே போகலாம். பணம் வாங்கிக்கொண்டு எஸ்ஓபி என்ற நோக்கக் கடிதம் எழுதித்தரும் எந்த கன்சல்டன்சியிடமும் இது கிடைக்காது. உப்சாலாவுக்கு எழுதும்போது அந்தக் கடிதம்தான் என் பக்கத்தில் திறந்திருந்தது.

வேலை கிடைத்த பிறகு அடுத்த தலைவலி வீடு. வாடகை வீட்டுக்கு வரிசை உண்டு. எத்தனை நாள் காத்திருந்தோம் என்பதுதான் கணக்கு. அதனால் விண்ணப்பம் போடும் அன்றே வரிசையிலும் பெயரைப் பதிந்துவிடுங்கள். நான் முதலில் இருந்தது உப்சாலாவில் ஃப்ளோக்ஸ்டா என்ற மாணவர் குடியிருப்பில். ராத்திரி பத்து மணிக்கு ஜன்னலைத் திறந்து தொண்டை கிழியக் கத்துவது அங்கே வழக்கம். முதல் நாள் ஏதோ கொலை நடக்கிறது என்றே நினைத்தேன். டிசம்பரில் மூன்று மணிக்குள் சூரியன் மறைவதைப் பார்த்த பிறகு நானும் கத்தினேன், நன்றாகவே இருந்தது.

வரித்துறையில் பதிந்து பெர்சூன்நும்மர் என்ற அடையாள எண் வாங்கும் வரை வங்கிக் கணக்கு திறப்பதே பெரும்பாடு. அதுவரைக்குமான செலவுக்குக் கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பாஸ்போர்ட் எந்தத் தேதிவரை செல்லுமோ அதற்கு மேல் குடியிருப்பு அனுமதி தரமாட்டார்கள். காலாவதி நெருங்கியிருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு அனுமதிக்கு விண்ணப்பியுங்கள்.