"ஏன்டா, வேல போயிருச்சா?"

போன செவ்வாக்கெழம காலைல 11 மணி, பாப்பாவுக்கு டயப்பர் மாத்திட்டு இருக்கேன், ஊர்லேர்ந்து அம்மா வீடியோ கால். பாத்த உடனே கேட்டது, "ஏன்டா, வேல போயிருச்சா?"

இல்லம்மா, லீவு, ஆறு மாசம்னேன். முகம் போன போக்க பாக்கணுமே. இப்ப சொந்தக்காரங்ககிட்ட நான் வொர்க் ஃப்ரம் ஹோமாம்.

நான் இருக்குற ஸ்வீடன்ல ஒரு குழந்தைய பாத்துக்க 480 நாள் லீவு, அம்மா அப்பா பிரிச்சுக்கலாம், ஆனா அதுல ஆளுக்கு 90 நாள் ஒருத்தருக்கொருத்தர் மாத்திக் குடுக்க முடியாது, அப்பன் எடுக்கலன்னா போச்சு. 1974லயே அப்பாக்களும் எடுக்கலாம்னு சொல்லியாச்சு, ஆம்பளைங்க எங்க எடுத்தாங்க, 1995ல ஒரு மாசத்த அவங்களுக்குன்னே ஒதுக்குனப்புறம்தான் அசைஞ்சாங்க. இங்கயும் நம்ம ஆளுங்கதான் போல! இப்ப மத்தியானம் பார்க்ல கையில லாத்தே காபியோட ஸ்ட்ரோலர் தள்ளுற அப்பன்களுக்கு லாத்தே பப்பான்னு பேரே இருக்கு.

ஸ்டாக்ஹோம் வந்து மூணு வருஷம், மைனஸ் குளிர்ல புள்ளைய வெளிய தூங்க வைக்கிறதுகூட பழகிருச்சு, செட்டில் ஆயிட்டேன்னு சொல்லிட்டுத்தான் திரிஞ்சேன். பாப்பாவுக்கு பருப்பு சாதம் கொழைய வைக்கணும்னதும் எல்லாம் காலி. எத்தன விசில்னே தெரியாது. அடுப்படி பக்கம் போனா "ஆம்பளப் புள்ளைக்கு இங்க என்ன வேல"ன்னு அம்மா வெரட்டுவாங்க, அத ராஜ மரியாதன்னு நெனச்ச கழுத நான். அதே அடுப்படில அக்கா ஆறாவது படிக்கறப்பவே முக்காலி மேல ஏறி சாதம் வடிப்பா, கஞ்சி கொட்டுன தழும்பு மணிக்கட்டுல இன்னும் இருக்கு. பிளஸ் டூல அவ 1200க்கு 1087, நான் 902. எனக்கு காசு கட்டி கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங், அவளுக்கு வெளக்கேத்துறதுக்குள்ள டவுன் பஸ்ல வீடு திரும்புற மாதிரி ஒரு காலேஜ்.

அவளுக்குத்தான் போன் போட்டேன். "அஞ்சு விசில் விடு, பெருங்காயம் ஒரு சிட்டிக, நெய்ய கடைசில ஊத்து"ன்னா. அப்புறம் சிரிச்சுக்கிட்டே, "இத கத்துக்க எனக்கு எவன்டா சம்பளத்தோட லீவு குடுத்தான்?" எனக்கு பதிலே வரல.

நேத்து கால்ல அப்பா. "சாப்டியா"ன்னு கேட்டதும் போன அம்மாகிட்ட நீட்டிருவாரு, எப்பவும் அதான். பாப்பா என் நெஞ்சு மேல குப்புறப் படுத்து தூங்குது, அதையே பாத்துட்டிருந்தாரு. "எறக்குனா முழிச்சுக்குமோ?"

ஆமாப்பா.

"உங்க ரெண்டு பேரையும் நடக்க ஆரம்பிச்சப்புறம்தான்டா தூக்குனேன். பச்சப் புள்ளய ஆம்பள தூக்கக்கூடாதும்பா உங்க அப்பத்தா."

அம்மா கைய நீட்டுனாங்க. அவரு போன குடுக்கல.