குவெரி ஓடிவிட்டது, விடை சரியா?

தரவுத்தளங்களோடு தினமும் வேலை செய்பவர்களுக்குப் பிழைச் செய்தி ஒரு தொல்லையே இல்லை. எங்கே இடிக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடி, தவறான எண்ணைக் கொண்டுவந்து நிறுத்தும் குவெரிதான், அதாவது தரவைக் கேட்டு எடுக்கும் கட்டளைதான், ஆபத்தானது. மொழி மாதிரிகள் (மனித மொழியில் கேட்டால் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு நிரல்கள்) குவெரி எழுத ஆரம்பித்த பிறகு, என் வேலையில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகையைத் தேடிப் பிடிப்பதாகவே ஆகிவிட்டது.

ஒரு உதாரணம். "இதுவரை ஒருமுறைகூட ஆர்டர் செய்யாத வாடிக்கையாளர்கள் எத்தனை பேர்?" என்று கேட்கிறோம். வாடிக்கையாளர் டேபிளில் இருந்து, ஆர்டர் டேபிளில் இடம்பெறாத எண்களை 'நாட் இன்' போட்டு எடுக்கும் குவெரியை மாதிரி எழுதித் தருகிறது. படித்துப் பார்த்தால் கேட்டது அப்படியே இருக்கிறது. ஓட்டினால் விடை பூஜ்யம். எல்லோரும் வாங்கிவிட்டார்கள் போல என்று யாரும் சந்தோஷப்பட்டுவிடலாம்.

உண்மையில் நடந்தது வேறு. கணக்கு தொடங்காமல் வாங்கியவர்களின் ஆர்டர்களில் வாடிக்கையாளர் எண் காலியாக, அதாவது 'நல்' ஆக இருக்கிறது. குவெரி எழுதும் மொழியான எஸ்கியூஎல்லில் உண்மை, பொய் என்ற இரண்டோடு 'தெரியாது' என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. எந்த எண்ணையும் நல்லோடு ஒப்பிட்டால் விடை 'தெரியாது'தான். எந்த ரெக்கார்டுகளை எடுப்பது என்று சொல்லும் 'வேர்' நிபந்தனையோ 'உண்மை' என்று உறுதியானதை மட்டுமே உள்ளே விடும். ஆக, பட்டியலில் ஒரே ஒரு நல் இருந்தால் போதும், ஒரு வாடிக்கையாளர்கூடத் தேறமாட்டார். பொருந்தும் ஆர்டர் ஒன்றாவது இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்று மாற்றி எழுதினால் சரியான எண்ணிக்கை வந்துவிடுகிறது.

இந்த விதி மாதிரிக்குத் தெரியும். கேட்டால் அழகாக விளக்கும். அந்த இடத்தில் காலி மதிப்புகள் இருக்கின்றன என்பதுதான் அதற்குத் தெரியாது. டேபிள் பெயரும் நெடுவரிசைப் பெயரும் தரவுத்தளத்தின் அமைப்பைச் சொல்லும் ஸ்கீமாவில் கிடைக்கும். அந்த நெடுவரிசை ஏன், எப்போது காலியாக இருக்கும் என்பது பல வருடமாக அந்த டேபிளோடு பழகியவரின் தலையில் மட்டும் இருக்கும். ஆர்டர் டேபிளையும், ஒவ்வொரு ஆர்டரிலும் உள்ள பொருட்களின் டேபிளையும் ஜாயின் செய்துவிட்டு (இணைத்துவிட்டு) அனுப்பும் செலவைக் கூட்டினாலும் இதே கதைதான்: மூன்று பொருள் உள்ள ஆர்டரின் செலவு மூன்று முறை கூட்டப்படும், எந்த எச்சரிக்கையும் வராது.

மனித மொழியில் கேட்டுத் தரவை எடுக்கும் ஆசை புதிதல்ல. நிலவுப் பாறைகளின் வேதியியல் விவரங்களைச் சாதாரண ஆங்கிலத்தில் கேட்டுப் பெறும் லூனார் என்ற அமைப்பை வில்லியம் வூட்ஸ் 1970களின் தொடக்கத்திலேயே உருவாக்கினார். 1970இல் தரவை டேபிள்களாக அடுக்கும் ரிலேஷனல் மாதிரியை முன்வைத்த எட்கர் காட், 1974இல் ராண்டேவூ என்ற அமைப்பைப் பற்றி எழுதினார். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பயனர் கேட்டதில் தெளிவில்லை என்றால் அது திருப்பிக் கேட்கும், தான் புரிந்துகொண்டதைத் தன் வார்த்தைகளில் சொல்லிக் காட்டி, "இதுதானே?" என்று உறுதிசெய்துகொள்ளும். அதே 1974இல்தான் ஐபிஎம் ஆய்வாளர்களான சேம்பர்லினும் பாய்ஸும் சீக்வெல் என்ற குவெரி மொழியை வெளியிட்டார்கள். பின்னாளில் எஸ்கியூஎல் ஆனது அதுவே. கணிதக் குறியீடு பழகாதவர்களும் எழுதவும் படிக்கவும் வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. படிக்க முடிகிற மொழியாக அது இருப்பதால்தான் மாதிரி எழுதியதை இன்று நம்மால் சரிபார்க்க முடிகிறது.

இப்போதைய ஆய்வுகள் மதிப்பெண்ணில் அதிகம் நிற்கின்றன. 2018இல் வந்த ஸ்பைடர் என்ற சோதனைத் தொகுப்பில் 200 தரவுத்தளங்கள், 10,181 கேள்விகள். 2023இல் வந்த பேர்டு என்ற தொகுப்பு கொஞ்சம் நிஜத்துக்கு அருகில் வந்தது: அழுக்கான மதிப்புகள், டேபிளுக்கு வெளியே இருக்கும் துறை அறிவு எல்லாம் அதில் உண்டு. அதில் மனிதர்களே சுமார் 93 சதவீதம்தான் எடுத்தார்கள். ஓட்டிப் பார்த்து விடை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் வழக்கமான அளவுகோல். ஆனால் அந்தத் தரவில் நல் இல்லையென்றால் மேலே சொன்ன 'நாட் இன்' குவெரியும் முழு மதிப்பெண் வாங்கிவிடும்.

அதனால் கேள்வியைக் குவெரியாக மாற்றும் எங்கள் கருவியில் குவெரிக்கு முன்னால் ஒரு படி வைத்திருக்கிறோம். மாதிரி முதலில் தான் எடுத்துக்கொண்ட அனுமானங்களை எழுத வேண்டும்: ரத்தான ஆர்டர்களையும் சேர்த்தேன், 'கடந்த மாதம்' என்பதைக் காலண்டர் மாதமாக எடுத்தேன், இந்த மாதிரி. கேட்டவர் அதைப் படித்து ஒப்புக்கொண்ட பிறகே குவெரி ஓடும். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கிறது; சட்டென்று எண் வேண்டும் என்கிறார்கள். ஆனால் "அய்யோ, ரத்தானதைச் சேர்க்கக் கூடாது" என்ற பதில் அடிக்கடி வருகிறது. அப்புறம் அதே ஆட்கள்தான் இந்தப் படியை எடுக்கவேண்டாம் என்றும் சொல்கிறார்கள்.

அடுத்து வந்திருப்பது இன்னும் கடினமானது: குவெரிக்குள்ளேயே மாதிரியைக் கூப்பிடுவது. "கோபமாக எழுதப்பட்ட புகார்களை மட்டும் எடு" என்று வடிகட்டும்போது, ஒவ்வொரு ரெக்கார்டையும் மாதிரி படித்து முடிவு சொல்கிறது. இங்கே படித்துப் பார்க்க நிபந்தனையே இல்லை, தீர்ப்பு மட்டும்தான் இருக்கிறது. இப்போதைக்கு ஒரு சிறு பகுதியை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து வகைப்படுத்துகிறோம், பிறகு மாதிரியின் விடையோடு ஒப்பிடுகிறோம். அந்த இரண்டு பேருக்குள்ளேயே ஒத்துப்போகாத புகார்களை மாதிரியிடம் விடுவதில்லை, தனியாக எடுத்து வைத்துவிடுகிறோம்.